தொடக்கநிலை 1, 2 வகுப்பில் கனிவைப் பழக்குவது எப்படி? புதிதாக வரும் ஆசிரியர்களுக்கு

சிங்கப்பூரில் தேசியக் கல்விக் கழகத்துக்கு ஆசிரியர் பயிற்சிக்குப் போகுமுன் ஒப்பந்தத் தமிழாசிரியராகச் சேர்ந்திருப்பவர்கள், விடுப்பில் போன ஆசிரியருக்குப் பதிலாக வந்திருப்பவர்கள், பயிற்சி முடித்து முதன்முறையாகச் சின்னப் பிள்ளைகளின் வகுப்பை ஏற்கப்போகிறவர்கள் ஆகியோருக்காக இதை எழுதுகிறேன். எழுத்தை எப்படி அறிமுகப்படுத்துவது, வாசிப்பை எப்படிச் சோதிப்பது என்றெல்லாம் சொல்லித்தரப் பள்ளியில் ஆள் உண்டு. ஏழு வயதுப் பிள்ளைகள் தள்ளாமல், கேலி செய்யாமல், கொஞ்சம் விட்டுக்கொடுத்து ஒரே அறையில் இருக்க எப்படிப் பழக்குவது என்பதைத்தான் பக்கத்தில் உட்கார்ந்து யாரும் சொல்வதில்லை.

கனிவு பிறவிக் குணம் என்றோ வீட்டு வளர்ப்பு என்றோ விட்டுவிடாதீர்கள். அதைச் சின்னச் சின்னச் செயல்களாகப் பிரித்து, சொல்லிக் கொடுத்து, ஒத்திகை பார்த்து, பிள்ளை செய்யும்போது கவனித்துச் சொன்னால் எல்லாப் பிள்ளைக்கும் வரும். அறிவுரையாகச் சொன்னால் வராது. ‘எல்லாரும் அன்பா இருக்கணும், சரியா?’ என்று கேட்டால் வகுப்பே ‘சரி டீச்சர்’ என்று ஒரே குரலில் சொல்லும். அடுத்த நிமிடமே தண்ணீர்க்குழாய் அருகே இடிபடும். பிள்ளைகள் பொய் சொல்லவில்லை. அன்பாக இருப்பதென்றால் கையையும் காலையும் வாயையும் என்ன செய்ய வேண்டும் என்று அவர்களுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

இது தமிழாசிரியரின் வேலையா என்று தயங்க வேண்டாம். சிசிஇ என்று நாம் சொல்லும் குணநலன், குடியியல் பாடம் தொடக்கப்பள்ளியில் தாய்மொழியில்தான் நடக்கிறது. அதை நடத்துபவர் தாய்மொழி ஆசிரியர். நேரத்துக்கும் பஞ்சமில்லை. 2019 முதல் தொடக்கநிலை 1, 2இல் தேர்வும் இல்லை, மதிப்பெண் சேர்க்கும் சோதனையும் இல்லை. அந்த இடைவெளியை எழுத்துப்பயிற்சித் தாள்களால் நிரப்பிவிடாதீர்கள்.

1. பிள்ளைகள் வருமுன் அறையையும் பெயர்ப்பட்டியலையும் பாருங்கள்

தொடக்கநிலை 1, 2 வகுப்புகளில் முப்பது பேர்வரை இருப்பார்கள். தமிழ் நேரத்தில் வெவ்வேறு வகுப்புகளிலிருந்து பிள்ளைகள் உங்கள் அறைக்கு வருவார்கள். சில பள்ளிகளில் அந்த எண்ணிக்கை பத்தைக்கூடத் தாண்டாது. காலையிலிருந்து வேறு நண்பர்களோடு இருந்துவிட்டு, இந்த ஒரு மணி நேரத்துக்கு மட்டும் ஒன்றுசேரும் பிள்ளைகள் இவர்கள். அதனால் உங்கள் வகுப்பில் நட்பு தானாக உருவாகாது. அதற்கு நீங்கள்தான் வழிசெய்ய வேண்டும்.

பட்டியலில் உள்ள பெயரைச் சரியாக உச்சரிக்க முதல் நாளுக்குள் பழகிவிடுங்கள். பிறப்புச் சான்றிதழில் நீளமான பெயர் இருக்கும், வீட்டில் வேறு பெயரால் கூப்பிடுவார்கள், ஆங்கில ஆசிரியர் அதைச் சுருக்கி வைத்திருப்பார். ‘உன்னை எப்படிக் கூப்பிட்டா உனக்குப் பிடிக்கும்?’ என்று பிள்ளையையே கேளுங்கள். தன் பெயரைச் சரியாகச் சொல்லும் ஆசிரியரிடம் பிள்ளைக்கு வரும் நம்பிக்கை வேறெதிலும் வராது. பெயரைக் கேலி செய்யும் வழக்கம் முதல் வாரத்திலேயே தொடங்கும். நீங்கள் தடுமாறினால் அதற்கு நீங்களே வழிகாட்டியதாகிவிடும்.

அறையில் எங்கே இடிபடுவார்கள் என்று பாருங்கள். பை மாட்டும் இடம், கதவு, வண்ணப் பென்சில் தட்டு, உங்கள் மேசையின் முன்பக்கம் ஆகிய நான்கில்தான் பாதித் தகராறு நடக்கும். வண்ணப் பென்சிலை ஒரே தட்டில் வைக்காமல் நான்கு பேருக்கு ஒரு தட்டாகப் பிரித்து வையுங்கள். பைகளை இரண்டு இடங்களில் வைக்கச் சொல்லுங்கள். பாடப்புத்தகத்தை எடுக்க எல்லாரையும் ஒரே நேரத்தில் அனுப்பாமல் மேசை மேசையாக அனுப்புங்கள். இதற்குக் காசும் வேண்டாம், கண்டிப்பும் வேண்டாம்.

2. விதி மூன்று போதும்

கல்வி அமைச்சு ஆறு விழுமியங்களை வகுத்திருக்கிறது: மரியாதை, பொறுப்பு, மீள்திறன், நேர்மை, அக்கறை, நல்லிணக்கம். பள்ளிச் சுவரில் இவை பெரிய எழுத்தில் இருக்கும். பெரியவர்களுக்கு நல்ல பட்டியல்தான். ஆனால் ‘மீள்திறன்’ என்பதை ஏழு வயதுப் பிள்ளையால் செய்து காட்ட முடியுமா? முடியும் என்றால் அது இப்படித்தான் இருக்கும்: எழுத்து தப்பாகிவிட்டது, தாளைக் கசக்காமல் அழித்துவிட்டு மறுபடி எழுதுகிறாள். பக்கத்துப் பையனின் தண்ணீர்ப்புட்டி உருண்டால் எடுத்துத் தருவது அக்கறை. ‘நான்தான் கிழிச்சேன்’ என்று சொல்வது நேர்மை. இந்த அளவுக்கு இறக்கிச் சொன்னால்தான் பிள்ளைக்குப் பிடிபடும்.

வகுப்புக்கு மூன்று விதிகள் வையுங்கள். மூன்றையும் ‘செய்’ என்ற வடிவில் சொல்லுங்கள். ‘ஓடக்கூடாது’ என்றால் பிள்ளையின் காதில் ‘ஓடு’ என்பதுதான் விழுகிறது. ‘வகுப்புக்குள்ள நடப்போம்’, ‘ஒருத்தர் பேசும்போது கேட்போம்’, ‘கை நம்மகிட்டயே இருக்கும்’ என்ற மூன்றும் எனக்குப் போதுமானதாக இருக்கின்றன. வாசகத்தை நீங்களே எழுதி ஒட்டாதீர்கள். பிள்ளைகளிடம் கேட்டு, அவர்கள் சொன்ன சொல்லில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் ஒரு பிள்ளையைப் படம் வரையச் சொல்லி ஒட்டுங்கள்.

3. வாக்கியங்களைக் கற்றுக்கொடுங்கள்

எனக்கு மிக முக்கியமாகப் படும் படி இது. மற்றவற்றில் ஒன்றிரண்டை விட்டாலும் இதை விட்டுவிடாதீர்கள்.

சிங்கப்பூரில் பாதிக்கும் மேற்பட்ட இந்தியக் குடும்பங்களில் வீட்டில் அதிகம் பேசப்படுவது ஆங்கிலம். அதனால் பல பிள்ளைகளுக்குத் தமிழில் தெரிந்தது கட்டளைகள்தான்: வா, போ, குடு, சாப்பிடு. தாத்தா பாட்டியிடம் கேட்டுப் பழகியவை அவை. பகிர்ந்துகொள்ளக் கேட்பது, மறுப்பது, விளையாட்டில் சேரக் கேட்பது, மன்னிப்பது ஆகியவற்றுக்கான தமிழ் அவர்கள் வாயில் இல்லை. வார்த்தை இல்லாதபோது கை நீளும். பிடுங்கிக்கொள்ளும் பிள்ளைகளில் பலருக்குக் கெட்ட எண்ணம் கிடையாது, கேட்கத் தெரியாது.

ஆகவே கீழ்க்காணும் வாக்கியங்களைப் பேச்சுத்தமிழிலேயே, பாட்டைக் கற்றுக்கொடுப்பதுபோல் திரும்பத் திரும்பச் சொல்லிப் பழக்குங்கள்:

‘இதை எனக்குக் கொஞ்சம் தர்றியா?’
‘நான் முடிச்சதும் உனக்குத் தரேன்.’
‘நானும் விளையாட வரலாமா?’
‘எனக்கு இது பிடிக்கல, நிறுத்து.’
‘நீ முதல்ல போ.’
‘உனக்கு என்ன ஆச்சு?’
‘பரவாயில்ல, அடுத்த தடவ பாத்துக்கலாம்.’

வாரத்துக்கு ஒரு வாக்கியம். அதற்கு மேல் வேண்டாம். ஒத்திகை எப்படி நடக்கும் என்பதற்கு ஓர் உதாரணம். நான் அழிப்பான் கேட்கும் பிள்ளையாக நடிப்பேன். மீரா அழிப்பான் வைத்திருக்கும் பிள்ளை. நான் ஒன்றும் சொல்லாமல் கையை நீட்டிப் பிடுங்குவேன். வகுப்பு ‘ஐயோ டீச்சர்!’ என்று கத்தும். ‘ஏன்? எனக்கு வேணுமே’ என்பேன். ‘கேக்கணும் டீச்சர்!’ ‘எப்படிக் கேக்கிறது?’ ஒருவன் ‘அழிப்பான் குடு’ என்பான். அதையே நான் முகத்தைச் சுளித்துக்கொண்டு சொல்லிக் காட்டுவேன். மீரா தலையை ஆட்டி மறுப்பாள். அடுத்து ‘மீரா, அழிப்பான் கொஞ்சம் தர்றியா?’ என்று அவள் முகத்தைப் பார்த்துக் கேட்பேன். மீரா தருவாள். பிறகு இரண்டிரண்டு பேராக எல்லாரும் செய்து பார்ப்பார்கள்.

இதோடு நிறுத்தினால் பாதிப் பாடம்தான். அடுத்த நாள் நான் கேட்பேன், மீரா ‘இப்ப நான் எழுதிக்கிட்டிருக்கேன், முடிச்சதும் தரேன்’ என்பாள். கேட்டவர் காத்திருக்க வேண்டும். கேட்டால் கிடைத்தே தீரும் என்று நினைக்கும் பிள்ளை, கிடைக்காதபோது முன்பைவிட மோசமாகப் பிடுங்கும். மறுக்கவும், மறுப்பைக் கேட்டுக்கொள்ளவும் பழக்குவது கனிவின் பாதி. எல்லாவற்றையும் கொடுத்துவிடுவதைக் கனிவு என்று பழக்கினால் அடக்கமான பிள்ளைகள்தான் அதிகம் இழப்பார்கள்.

‘ஐ டோன்ட் ஃப்ரெண்ட் யூ’ என்பதை இங்கே வளர்ந்த எல்லாருமே ஒருமுறையாவது கேட்டிருப்போம். தொடக்கநிலை 1இல் இதற்குச் சமமான ஆயுதம் கிடையாது. இதைச் சொன்ன பிள்ளையைத் திட்டுவதைவிட, அந்த இடத்தில் என்ன சொல்லியிருக்கலாம் என்பதைக் கொடுங்கள்: ‘எனக்கு இப்பக் கோவமா இருக்கு. அப்புறம் பேசலாம்.’ கோபம் வந்தால் நட்பு முறிந்துவிடாது என்பது பிள்ளைக்குப் புதிய செய்தி. கேட்டவுடன் முகம் தெளிவடைவதை நீங்களே பார்ப்பீர்கள்.

4. நடந்ததைப் பார்த்து, நடந்ததைச் சொல்லுங்கள்

‘குட் பாய்’, ‘கெட்டிக்காரி’, ‘வெரி குட்’ இவற்றைக் குறைத்துக்கொள்ளுங்கள். பாராட்டுதான், ஆனால் எதற்கு என்று பிள்ளைக்குத் தெரியாது. ‘கவின், ரவிக்கு நாற்காலி இல்லன்னு பாத்து உன்னோடதக் குடுத்த. அவன் நிக்க வேண்டியிருக்கல’ என்று சொல்லிப் பாருங்கள். செய்ததும் அதனால் மற்றவருக்குக் கிடைத்ததும் அந்த இரண்டு வரியில் இருக்கின்றன. அவ்வளவுதான் வேண்டும். ‘கவினைப் பாத்து எல்லாரும் கத்துக்கோங்க’ என்பதைச் சேர்க்காதீர்கள். அந்த வரி கவினை மற்றவர்களிடமிருந்து பிரித்துவிடும்.

அருகில் போய், மெதுவாக, பிள்ளையின் உயரத்துக்குக் குனிந்து சொல்லுங்கள். எல்லார் முன்னாலும் பாராட்டினால் கூசிப்போகும் பிள்ளைகள் நம் வகுப்புகளில் நிறைய உண்டு.

ஒரு சிறு கணக்கு வையுங்கள். வகுப்புப் பெயர்ப்பட்டியலின் நகலை மேசையில் வைத்து, இன்று யாரிடம் இப்படி ஒன்றைச் சொன்னீர்கள் என்று குறியிடுங்கள். வார முடிவில் பார்த்தால் சத்தமாக இருப்பவர்களும் சுட்டிகளும் நிரம்பியிருப்பார்கள். நடுவில் அமைதியாக இருக்கும் சிலருக்கு ஒரு குறிகூட இருக்காது. திங்கட்கிழமை உங்கள் கண் அவர்கள்மேல் இருக்கட்டும்.

5. ஸ்டிக்கரை எங்கே நிறுத்துவது

எல்லாரும் கேட்கும் கேள்வி இது. நல்ல செயலுக்கு ஸ்டிக்கர், மிட்டாய், நட்சத்திரம் கொடுக்கலாமா?

1973இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற மூவர் பாலர் பள்ளிப் பிள்ளைகளிடம் ஓர் ஆய்வு செய்தார்கள். படம் வரைவதில் ஏற்கெனவே ஆசை உள்ள பிள்ளைகளில் ஒரு பிரிவினருக்கு ‘வரைந்தால் சான்றிதழ் தருவோம்’ என்று முன்கூட்டியே சொன்னார்கள். பிற்பாடு யாரும் எதுவும் தராத நேரத்தில், அந்தப் பிள்ளைகள் மற்றவர்களைவிடக் குறைவாகவே வரைந்தார்கள். 2008இல் வார்னெக்கன், டோமசெல்லோ இருவரும் உதவி செய்வதையே சோதித்தார்கள். இருபது மாதக் குழந்தைகள் ஒருவருக்குப் பொருளை எடுத்துக் கொடுத்தபோது சிலருக்குப் பொம்மையைப் பரிசாகக் கொடுத்தார்கள், சிலரை வாயால் பாராட்டினார்கள், சிலருக்கு எதுவுமே செய்யவில்லை. பிறகு உதவுவது குறைந்தது பரிசு பெற்ற குழந்தைகளிடம்தான்.

நடைமுறையில் என் வரையறை இது. வரிசையில் நிற்பது, வீட்டுப்பாடத்தை எடுத்துவருவது, நாற்காலியை உள்ளே தள்ளுவது போன்ற பழக்கங்களுக்கு ஸ்டிக்கர் கொடுக்கலாம். பழக்கம் பதிந்ததும் மெல்ல நிறுத்திவிடலாம். கனிவுக்குக் கொடுக்க வேண்டாம். கொடுத்தால் ‘டீச்சர், நான் அவளுக்கு ஹெல்ப் பண்ணேன், ஸ்டிக்கர்?’ என்று கை நீளும். உதவி பெற்ற பிள்ளையின் முகத்தைப் பார்க்க வேண்டிய கண் உங்கள் மேசை இழுப்பறையைப் பார்க்கும்.

புள்ளிப்பட்டியலைத் திரையில் காட்டுவதும், பெயருக்கு எதிரே சிவப்புக் குறி இடுவதும் வேண்டவே வேண்டாம். கடைசியில் இருக்கும் பிள்ளைக்குத் தான் யார் என்பதை அந்தத் திரை தினமும் சொல்கிறது. மற்ற பிள்ளைகளும் அதைப் படித்துக்கொள்கிறார்கள்.

அதற்குப் பதில் ஒரு பெட்டி வையுங்கள். காலணி வந்த அட்டைப்பெட்டி போதும். தனக்கு யார் என்ன செய்தார் என்பதைப் பிள்ளைகள் சீட்டில் எழுதிப் போடலாம். எழுத வராதவர்கள் படம் வரையலாம். தான் செய்ததை எழுதக் கூடாது, தனக்குப் பிறர் செய்ததை மட்டுமே எழுத வேண்டும். வெள்ளிக்கிழமை ஐந்து நிமிடம் படியுங்கள். ‘தர்ஷினி என் ஸிப் போட்டாள்’ என்று கோணல்மாணலான எழுத்தில் ஒரு சீட்டு வரும். இலக்கணம் திருத்தாமல் அப்படியே படியுங்கள். யாருக்குச் சீட்டே வரவில்லை என்று பாருங்கள். அந்தப் பிள்ளைக்கு அடுத்த வாரம் தாள் கொடுக்கும் பொறுப்போ, புதிதாக வந்தவருக்கு வழிகாட்டும் பொறுப்போ கொடுங்கள். பிறருக்கு உதவ வாய்ப்பே கிடைக்காத பிள்ளைக்குச் சீட்டு எப்படி வரும்?

6. தகராறு வந்தால்

வரும். அன்றைக்கு மூன்று வேலைகளை வரிசையாகச் செய்யுங்கள்.

முதலில் இருவரையும் பிரித்து அமைதியாக்குங்கள். அழுதுகொண்டிருக்கும் பிள்ளையிடமும் பல்லைக் கடித்துக்கொண்டிருக்கும் பிள்ளையிடமும் அந்த நேரத்தில் எந்தக் கேள்வியும் ஏறாது. தண்ணீர் குடிக்கச் சொல்லுங்கள். உங்கள் குரலை உயர்த்தாமல் தாழ்த்துங்கள்.

பிறகு கேளுங்கள். ‘ஏன் செஞ்ச?’ என்ற கேள்வியைத் தவிருங்கள். ஏழு வயதில் அதற்குப் பதில் கிடையாது, ‘அவன்தான் முதல்ல’ என்பதுதான் வரும். ‘என்ன நடந்துச்சு?’ என்று ஒவ்வொருவரையும் தனித்தனியாக, மற்றவர் குறுக்கிடாமல் சொல்லவிடுங்கள். ‘அப்ப அவளுக்கு எப்படி இருந்திருக்கும்?’ என்று அடுத்துக் கேளுங்கள்.

கடைசியில் சரிசெய்வது. ‘ஸாரி சொல்லு’ என்று பிடித்துவைத்துச் சொல்லவைப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. தரையைப் பார்த்து முணுமுணுத்துவிட்டுப் பிள்ளை தப்பித்துக்கொள்ளும். அடிபட்டவருக்கு ஒன்றும் கிடைக்காது. ‘இப்ப இதைச் சரிபண்ண நீ என்ன செய்யலாம்?’ என்று கேளுங்கள். ஒரு தடவை இரண்டு பேர் வண்ணத்தாளுக்காக இழுத்ததில் மீராவின் படம் நடுவே கிழிந்தது. கவினிடம் இதைக் கேட்டேன். வெகுநேரம் பேசாமல் நின்றான். பிறகு ஒட்டுநாடாவை எடுத்துவந்து, மீராவை ஓரத்தைப் பிடிக்கச் சொல்லி, பின்பக்கமாக ஒட்டினான். கோடு தெரியத்தான் செய்தது. மீரா அதன்மேல் ஒரு வேலி வரைந்துவிட்டாள். ஸாரி என்ற சொல் பிறகு தானாகவே வந்தது.

விசாரணையை வகுப்பு முன்னால் நடத்தாதீர்கள். மற்றவர்களுக்கு ஒரு வேலை கொடுத்துவிட்டு ஓரமாகப் பேசுங்கள். பிள்ளையை அறைக்கு வெளியே நிறுத்துவது கூடாது. கைநீட்டுவது அறவே கூடாது. வகுப்பாசிரியருக்கோ பாட ஆசிரியருக்கோ அந்த உரிமை இங்கே இல்லை. ஊரில் படித்துவிட்டு இங்கே கற்பிக்க வருபவர்கள் இதை முதல் நாளே மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். காதைத் திருகுவது, தலையில் குட்டுவது எல்லாமே இதில் அடக்கம்.

நாள் முழுக்க ‘டீச்சர், அவன் பாருங்க’ என்று வந்துகொண்டே இருப்பவர்களுக்கு ஒரு கேள்வி போதும்: ‘யாருக்காவது அடிபட்டுச்சா, இல்ல பயமா இருக்கா?’ ஆமாம் என்றால் எழுந்து போங்கள். இல்லை என்றால் ‘நாம கத்துக்கிட்ட வாக்கியத்துல எதைச் சொல்லலாம்?’ என்று திருப்பி அனுப்புங்கள். சொல்ல வந்ததற்காக மட்டும் யாரையும் கடிந்துகொள்ளாதீர்கள். கோள்சொல்லி என்ற பெயர் விழுந்த பிள்ளை, உண்மையிலேயே கொடுமை நடக்கும்போது வாய் திறக்காது.

தோல் நிறம் பற்றிய பேச்சைத் தனியாகச் சொல்ல வேண்டும். ‘நீ கறுப்பு, உன்னோட உக்கார மாட்டேன்’ என்பது நம் பிள்ளைகள் பிற வகுப்புகளில் கேட்டுவிட்டு வருவது. தமிழ் வகுப்புக்குள்ளேயே ஒருவருக்கொருவர் சொல்வதும் உண்டு. ‘விளையாட்டுக்குச் சொன்னான்’ என்று கடந்துபோகாதீர்கள். அந்த இடத்திலேயே, கத்தாமல், நேராகச் சொல்லுங்கள்: ‘ஒருத்தரோட நிறத்த வச்சுப் பேசுறது இந்த வகுப்புல கிடையாது.’ கேட்ட பிள்ளையை அன்றே தனியாகப் பாருங்கள். ‘உன்மேல எந்தத் தப்பும் இல்ல’ என்ற வரி அந்தப் பிள்ளைக்குக் கேட்க வேண்டும். சொன்ன பிள்ளையிடமும் பேசுங்கள். பெரும்பாலும் வீட்டில் பெரியவர்கள் யாரோ வாய்தவறிச் சொன்னதாக இருக்கும். வகுப்பாசிரியருக்கும் இரு பெற்றோருக்கும் தெரிவியுங்கள். ஜூலை 21, இன நல்லிணக்க நாளன்று வேட்டி, பாவாடை, சாங்சாம், பாஜு குரோங் என உடுத்திவரும் பிள்ளைகளைப் பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் நல்லிணக்கம் இந்த மாதிரி ஒரு செவ்வாய்க்கிழமைப் பத்து மணிக்குத்தான் உண்மையில் கற்பிக்கப்படுகிறது.

7. தகராறுக்கு முன்னால் என்ன இருந்தது என்று பாருங்கள்

பள்ளி ஏழரை மணிக்குத் தொடங்குகிறது. பள்ளிப் பேருந்தில் வரும் பிள்ளை ஆறு மணிக்கு முன்பே எழுந்திருக்கும். இடைவேளை அரை மணி நேரம்தான். தொடக்கநிலை 1 பிள்ளை அதற்குள் வரிசையில் நின்று, காசை எண்ணிக் கொடுத்து, தட்டைத் தூக்கிக்கொண்டு இடம் தேட வேண்டும். சிலர் பாதி சாப்பாட்டில் மணியடித்து எழுந்துவிடுவார்கள். பதினொரு மணிக்கு எரிச்சலாகும் பிள்ளைக்குப் பசியாக இருக்கலாம், தூக்கமாக இருக்கலாம், கழிவறைக்குப் போகக் கேட்கத் தைரியம் இல்லாமல் இருக்கலாம். வீட்டில் தம்பி பாப்பா பிறந்திருக்கலாம். கேட்டுப் பாருங்கள்.

8. வகுப்புக்கு வெளியே

ஆண்டுத் தொடக்கத்தில் பல பள்ளிகளில் பெரிய வகுப்பு மாணவர்கள் தொடக்கநிலை 1 பிள்ளைகளைச் சிற்றுண்டிச்சாலைக்கு அழைத்துப்போய் வாங்கப் பழக்குவார்கள். தமிழ்ப் பிள்ளைகளுக்கு அவர்களை அண்ணன், அக்கா என்று கூப்பிடச் சொல்லிக்கொடுங்கள். கூப்பிடும் பிள்ளைக்குத் துணை கிடைக்கும், கூப்பிடப்படும் பத்து வயது அண்ணனுக்குப் பொறுப்பு வரும்.

கடை ஆன்ட்டிக்கு வணக்கமோ நன்றியோ சொல்வது, மேசையைத் துடைக்கும் அங்கிளுக்கு வழிவிடுவது, தட்டைத் திருப்பி வைப்பது ஆகியவற்றை அங்கேயே நின்று பழக்குங்கள். தினமும் சில நிமிடம் மாணவர்களே வகுப்பைச் சுத்தம் செய்யும் வழக்கம் நம் பள்ளிகளில் இருக்கிறது. அதைத் தண்டனையாக ஒருபோதும் பயன்படுத்தாதீர்கள். துடைப்பத்தைப் பிடிப்பது இழிவு என்று பிள்ளை கற்றுக்கொண்டால், துப்புரவு அங்கிளைப் பார்க்கும் பார்வையும் அப்படியே ஆகும்.

9. வீட்டோடு பேசுங்கள்

ஜனவரி முடிவதற்குள் ஒவ்வொரு பெற்றோருக்கும் ஒரு நல்ல செய்தி போய்ச் சேரட்டும். ‘வணக்கம்மா, இன்னைக்கு உங்க மகன் கீழ விழுந்த நண்பனைப் பொது அலுவலகத்துக்குக் கூட்டிட்டுப் போனான்’ என்ற அளவு போதும். பள்ளியிலிருந்து அழைப்பு என்றாலே பதறும் பெற்றோர், பின்னால் ஒரு சிக்கலுக்காக நீங்கள் பேசும்போது காதுகொடுத்துக் கேட்பார்கள்.

பள்ளி வாசலில் பணிப்பெண் காத்திருப்பார். பிள்ளை பையைக் கழற்றி அவர்மேல் எறிந்துவிட்டு ஓடும். பெற்றோரிடம் இதைக் குறையாகச் சொன்னால் மனக்கசப்புதான் வரும். வகுப்பிலேயே ‘நம்ம பைய நாமே தூக்குறது எப்படி, வீட்டுல உதவுறவங்களுக்கு நன்றி சொல்றது எப்படி’ என்று பாடமாக எடுத்துவிட்டு, வீட்டில் செய்து பார்க்கச் சொல்லுங்கள். மறுநாள் யார் செய்தார்கள் என்று கேட்கத் தவறாதீர்கள்.

பிள்ளைகளுக்குப் பிடித்த இன்னொரு வீட்டுப்பாடமும் உண்டு. 1979இல் இங்கே தேசியப் பண்புடைமை இயக்கம் தொடங்கியது. 1982இல் சிங்கா என்ற சிங்கம் அதன் சின்னமானது. 1997இல் சிங்கப்பூர்க் கனிவன்பு இயக்கம் உருவானது. இன்றைய தாத்தா பாட்டிகளில் பலர் அந்தச் சிங்கத்தைச் சுவரொட்டிகளில் பார்த்தவர்கள். ‘சின்ன வயசுல உங்களுக்கு யாராவது உதவி செஞ்சாங்களா?’ என்று கேட்டுவரச் சொல்லுங்கள். பழைய கம்பத்துக் (கிராமத்து) கதைகள் வரும், அடுக்குமாடி வீட்டுக்குக் குடிபெயர்ந்தபோது பக்கத்து வீட்டு மலாய்க்காரர் சாமான் தூக்கிய கதை வரும். பிள்ளை அதைத் தமிழில் வந்து சொல்லும். உங்கள் பேச்சுப்பாடமும் அதில் முடிந்துவிடும்.

10. பலன் தெரியாவிட்டால்

ஆறேழு வாரம் சீராகச் செய்தும் ஒரு பிள்ளை தினமும் அடிக்கிறது, அல்லது யாரோடும் பேசவே மறுக்கிறது என்றால் தனியாகச் சுமக்காதீர்கள். ஒரு குறிப்பேட்டில் எழுதுங்கள்: எத்தனை மணிக்கு, எங்கே, அதற்குச் சற்று முன் என்ன நடந்தது, பிறகு பிள்ளைக்கு என்ன கிடைத்தது. ‘முரடன்’, ‘பிடிவாதக்காரி’ என்ற சொற்கள் அந்தக் குறிப்பேட்டில் வேண்டாம். அதை எடுத்துக்கொண்டு வகுப்பாசிரியரிடம் போங்கள். பள்ளி ஆலோசகர் இருக்கிறார், சிறப்புக் கல்வித் தேவைகளைக் கவனிக்கும் அதிகாரி இருக்கிறார். கூடிப் பழகவும் தன்னைக் கட்டுப்படுத்தவும் சிரமப்படும் தொடக்கநிலை 1 பிள்ளைகளைச் சிறு குழுவாக்கிப் பழக்கும் டிரான்சிட் திட்டமும் உண்டு. பெற்றோரிடம் நோயின் பெயர் எதையும் நீங்கள் சொல்லாதீர்கள். பார்த்ததை மட்டும் சொல்லுங்கள்.

முதல் தவணைக்கு ஒரு கால அட்டவணை

தவணை பத்து வாரம். முதல் வாரம் பெயர்களும் அறைப் பழக்கங்களும். இரண்டாம் வாரம் மூன்று விதிகள். மூன்றிலிருந்து எட்டுவரை வாரத்துக்கொரு வாக்கியம், தினமும் ஐந்து நிமிட ஒத்திகை. பிள்ளைகளுக்குச் சில சொற்களாவது எழுத வந்திருக்கும் ஐந்தாம் வாரத்தில் பெட்டியைக் கொண்டுவாருங்கள். ஒன்பதாம் வாரம் புதிதாக எதுவும் வேண்டாம், பழையதையே விளையாட்டாகத் திரும்பப் பாருங்கள். மார்ச் விடுமுறை முடிந்து வந்ததும் பாதி மறந்திருக்கும். விதிகளிலிருந்து மறுபடி தொடங்குங்கள், இந்த முறை ஒரு வாரத்தில் முடிந்துவிடும். மீதமிருக்கும் வாக்கியத்தை அதன்பின் எடுக்கலாம்.

நவம்பரில் வகுப்பை அடுத்த ஆசிரியரிடம் ஒப்படைக்கும்போது, வாசிப்புநிலைக் குறிப்போடு ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு வரி சேர்த்து எழுதிக் கொடுங்கள்: கோபம் வந்தால் இந்தப் பிள்ளைக்கு எது உதவுகிறது, எந்த உதவியைத் தானாக முன்வந்து செய்கிறது. சிறிய பள்ளியில் அடுத்த ஆண்டும் அதே பிள்ளைகளை நீங்களே எடுக்க வேண்டிவரலாம். அப்போதும் அந்த வரிகள் உங்களுக்கு வேண்டியிருக்கும்.